பங்கு மாமியின் அஞ்சறைப்பெட்டி

ஒரே ஒரு ஜாங்கிரியை எத்தனை பேர் சாப்பிடலாம் என்று கேட்டால், ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஜனங்களைப் போல அனுபவத்தோடு பதில் சொல்ல ஆள் கிடையாது. வீடு முழுக்கச் சாப்பிடலாம். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டுச் சுருள் வரும். குழந்தைகளுக்கு அதில் பாதி. கைக்குழந்தைக்கு நாக்கில் ஒரு சொட்டுப் பாகு. யாருக்கும் ஜாங்கிரி தின்ற திருப்தி இருக்காது. ஆனால் தனக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் குறை சொல்லவும் முடியாது. இந்த அதிசயத்தை நடத்திக் காட்டியவளைத்தான் நாங்கள் பங்கு மாமி என்று பேசிக்கொண்டோம். நேரில் வெறும் மாமி.

உத்தர வீதியில் ஒரு நீளமான வீடு. முன்னாலிருந்து கொல்லை வரை வரிசையாகக் குடித்தனங்கள். கிணறு பொது, முற்றம் பொது, சண்டை பொது, மாமியும் பொது. அவள் வீட்டுச் சொந்தக்காரி இல்லை, எங்களைப் போல வாடகைக்கு இருந்தவள்தான். குழந்தை குட்டி கிடையாது. அந்த வீட்டின் நியாயஸ்தலத்தை யாரும் அவளிடம் ஒப்படைக்கவில்லை, அவளாக எடுத்துக்கொண்டாள். நான் கல்யாணமாகி அங்கே வந்த முதல் வாரமே என் பிறந்த வீட்டுச் சீர் முறுக்கெல்லாம் என் கையை விட்டுப் போய் வீடு பூராவும் பரவிவிட்டது. எனக்கு வந்து சேர்ந்த பங்கு என் முறுக்கில் ஒன்று.

தினசரிப் பத்திரிகை ஒன்றுதான் வரும். அதையும் தாள் தாளாகப் பிரித்துக் குடித்தனத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவாள். எங்களுக்கு என்னவோ எப்போதும் சினிமா விளம்பரத் தாள்தான் வந்து விழும். பிரதம மந்திரி என்ன பேசினார் என்று தெரிந்துகொள்ள என் வீட்டுக்காரர் சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை கிணற்று ராட்டினம் உடைந்துபோயிற்று. உடைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாமி விசாரித்து, குற்றத்தை எல்லாக் குடித்தனத்துக்கும் சமமாகப் பங்கு போட்டுத் தீர்ப்புச் சொன்னாள். அந்த வாரம் பூராவும் நான் என் அம்மா வீட்டில் இருந்தேன். இருந்தும் என் பங்குக் குற்றம் எனக்காகப் பத்திரமாகக் காத்திருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். நாங்களும் சிரித்தோம். கெடுதல் வந்தது மாமியின் வீட்டுக்காரர் உத்தியோகத்திலிருந்து.

அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் ரெப்ரசென்டேட்டிவ். திருச்சி வெயிலில் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் தோல் பெட்டியுடன், கரூர், புதுக்கோட்டை என்று டாக்டர் டாக்டராகப் போய் எங்கள் மாத்திரையைப் போல் உண்டா என்று சொல்லிவிட்டு வருவார். டாக்டர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சும் சாம்பிள்கள் வீட்டுக்கு வரும். மனுஷர் சாது. மாமி கேட்டால் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

மாமியிடம் ஒரு பழைய அஞ்சறைப்பெட்டி இருந்தது. மற்ற வீடுகளில் கடுகும் மிளகும் இருக்கிற அறைகளில் அவள் மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்தாள். ரோஸ் நிறம் கட்டிக்கு. மஞ்சள் ஜுரத்துக்கு. இரண்டு நிறக் குப்பி மாத்திரை பேதிக்கு. வெள்ளை, என்னவென்று தெரியாத எல்லாவற்றுக்கும். பெயர் எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் இல்லை. கடுகுக்கு யாராவது சீட்டு ஒட்டுவார்களா?

சாம்பிள் மட்டும் என்றால் சீக்கிரம் தீர்ந்திருக்கும். பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டது நாங்கள்தான். டாக்டர் ஒரு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுப்பார். குழந்தைக்கு ஜுரம் விட்ட மறுநாளே மாமி வந்து நிற்பாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, விட்டுடுத்தே என்று சந்தோஷப்பட்டு, மிச்ச மாத்திரைக்குக் கையை நீட்டுவாள். உடம்பு சரியான குழந்தைக்கு மேற்கொண்டு மருந்து கொடுப்பது அவள் பார்வையில் பசி அடங்கினவனுக்கு மறுபடி இலை போடுகிற காரியம். நாங்களும் கொடுத்துவிடுவோம். அடுத்த தெருக் குழந்தைக்கு ஜுரம் வந்தால் அந்த மிச்சத்திலிருந்து இரண்டு போகும். அதற்குப் பிறகு ஜுரம் வந்தவனுக்கு ஒன்று. இருப்பு குறைந்தால் அரை. குப்பி மாத்திரையைத் திறந்து, பொடியை வெற்றிலையில் கொட்டி, கத்தி முனையால் கோடு கோடாகப் பிரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவாள். பெருமாள் சன்னிதியில் சடாரி வைப்பது போலக் குழந்தைகள் குனிந்து வரிசையில் நிற்கும்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே ஆபீஸில் வேலை பார்த்தவர், கொஞ்சம் ஆங்கில எழுத்து படிக்கிறவர். டாக்டர் எழுதினபடி முழுசும் கொடுக்க வேண்டாமா என்று ஒருநாள் மாமியிடமே கேட்டுவிட்டார்.

“ஒருத்தி வயித்துக்கே அத்தனையும் போகணுமாக்கும்? சித்த மத்தவாளுக்கும் போகட்டுமே” என்றாள் மாமி.

சுயநலக்காரன் என்று பெயர் வாங்க யாருக்குத்தான் ஆசை? அவர் சினிமாத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கத்திரி வெயில் வந்தால் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு வேனல் கட்டி வரும். கழுத்தில், தொடையில், முதுகில், சிவந்து பழுத்து, தொட்டால் அலறும். மாமி ரோஸ் மாத்திரையை எடுப்பாள். கட்டி வந்த குழந்தைக்கு அரை. வராத குழந்தைகளுக்கும் கால், வராமல் இருப்பதற்காக. கட்டி அமுங்கும். “பாத்தேளா, அமுங்கிடுத்து” என்று மாமி வீடு பூராவும் சொல்லிக்கொண்டு வருவாள். சில நாள் கழித்து அதே கட்டி வேறு குழந்தையின் உடம்பில் கிளம்பும், கொஞ்சம் பெரிதாக. அதற்கும் அரை. மறு வருஷம் அரை மாத்திரைக்கு அமுங்கவில்லை, ஒன்று வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஒன்றுக்கும் மசியவில்லை. கம்பெனி மாத்திரையில் சுண்ணாம்பைக் கலந்துவிட்டான் என்று மாமி தன் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொண்டாள். பாவம், அவர் கம்பெனிக்குப் பதிலாக மன்னிப்புக் கேட்டார்.

கட்டி மட்டும் நியாயம் தவறாமல் எல்லாக் குடித்தனத்துக்கும் முறை வைத்து வந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் என் பெண் பத்மாவின் முறை. அவளுக்கு ஆறு வயசு, வீட்டிலேயே வேகமாக ஓடுகிறவள். தொடையில் வந்த கட்டி உடையவும் இல்லை, அமுங்கவும் இல்லை. கால் முழுக்க வீங்கி, ஜுரம் கொதித்து, தூக்கத்தில் பிதற்ற ஆரம்பித்தாள். ரோஸ் கொடுத்து, மஞ்சள் கொடுத்து, என்னவென்று தெரியாத வெள்ளையும் கொடுத்துப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காவேரிப் பாலத்துக்கு அந்தப்புறம் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் எதற்கு. பஸ்ஸில் குழந்தை என் மடியில், அஞ்சறைப்பெட்டி மாமி மடியில்.

குழந்தைகள் வார்டில் ஒரு சின்ன டாக்டர் இருந்தார். காட்டூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர், சட்டைப் பட்டனுக்குள் ஒரு சின்னச் சிலுவை தெரியும். இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதுதான் தாமதம், மாமி பெருமையோடு பெட்டியைத் திறந்து மேஜைமேல் வைத்தாள். அவர் ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

“இதெல்லாம் யாருக்கு எழுதிக் குடுத்ததுங்க?”

“எல்லாருக்கும்தான்” என்றாள் மாமி.

பென்சிலின் ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்த ஆஸ்பத்திரியிலும் பங்குக்குக் குறைச்சல் இல்லை. சளிக்குப் பென்சிலின், சிராய்ப்புக்குப் பென்சிலின், வேறு ஏதாவது வந்தாலும் வரலாம் என்று ஒரு பென்சிலின் என்று பெரிய டாக்டர் தாராளமாக எழுதிக்கொண்டு போவார். மாமிக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பத்மாவுக்கு மட்டும் ஜுரம் இறங்கவில்லை. தொடை எலும்பிலேயே சீழ் வைத்துவிட்டது என்று எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள்.

பக்கத்துப் படுக்கையில் தங்கராசு என்று ஒரு பையன், பத்மா வயசுதான். ஜீயபுரத்துக்காரன். வாழைத்தார் ஏற்றின வண்டியிலிருந்து விழுந்து, சக்கரம் ஏறிப் பாதம் நசுங்கிப்போய் வந்தவன். காயம் ஆறிக்கொண்டிருந்தது, வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக இருந்தார்கள். அவனுடைய அப்பா வார்டு வாசல் தாண்டி உள்ளே வரத் தயங்கித் தோளில் துண்டோடு நிற்பார். அந்தப் பையன் ஜென்மத்தில் ஒரு மாத்திரை விழுங்கியதில்லையாம், கசப்பாக இருக்குமா என்று என்னைக் கேட்டான்.

மாமி தினமும் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு பஸ் பிடித்து வந்துவிடுவாள். எனக்கு உதவி என்றால் அது உதவி, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். பத்மாவின் தொடையில் டாக்டர் கீறிவிட்ட இடத்திலிருந்து வடிகிற சீழை முகம் சுளிக்காமல் துடைத்துப் போடுவாள், துணியைக் கசக்குவாள். அந்தக் கையோடு மடியிலிருந்து கல்கண்டுப் பிரசாதத்தை எடுத்து வார்டில் இருக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் பங்கு போடுவாள். ஒவ்வொரு படுக்கையாகப் போய் வாயில் ஊட்டுவாள். அவிழ்ந்த கட்டை இழுத்து விடுவாள், போர்வையைச் சரிபண்ணுவாள். தங்கராசு பாதத்துக் கட்டு அடிக்கடி அவிழும். அவனுக்கு மாமி என்றால் உயிர்.

வீட்டுக்குப் போக வேண்டிய நாளன்று தங்கராசுக்குக் குளிர் கண்டது. அடுத்த நாள் பாதக் காயத்தில் புதுச் சீழ், அதற்கு மறுநாள் கண் திறக்கவில்லை.

சின்ன டாக்டர் இரண்டு குழந்தைகளின் சீழையும் எடுத்துப் போய்க் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்திருக்கிறார். கிருமிகள் வளர்ந்த தட்டில் மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்தால், மருந்துக்குப் பயந்த கிருமி வில்லையைச் சுற்றி விலகி நிற்குமாம். எங்களைக் கூப்பிட்டுத் தட்டுகளைக் காட்டினார். பென்சிலின் வில்லையை ஒட்டி உரசிக்கொண்டு, ரங்கநாதர் சன்னிதியில் ஏகாதசிக் கூட்டம் மாதிரி கிருமிகள் நின்றன. இன்னும் இரண்டு மூன்று மருந்துக்கும் அதே கதை. இரண்டு தட்டும் ஒரே அச்சு. வேறு வேறு ஊர்க் குழந்தைகள், ஒரே கிருமி.

மாமி கேட்டாள், இத்தனை மருந்தையும் தாங்க அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா என்று. அவர் பொறுமையாகச் சொன்னார். அரையும் காலுமாக மருந்து கொடுத்தால் நோஞ்சான் கிருமி சாகும், தாங்குகிற கிருமி தங்கிவிடும். தங்கினது பெருகும். இதுவரை எங்களுக்குப் புரிந்தது.

“அதோட போச்சுன்னா பரவாயில்லீங்க. மருந்தைத் தாங்கற வித்தை ஒரு கிருமிக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அது தன் பிள்ளைக்குட்டிக்கு மட்டும் குடுக்கறதில்ல. பக்கத்துல இருக்கற கிருமிக்கும் குடுத்துடுது. வெளிநாட்டுல இப்பத்தான் எழுத ஆரம்பிச்சிருக்காங்க.”

மாமி கேட்டாள். “எல்லாத்துக்கும் சமமா குடுக்குமா?”

“ஆமாங்கம்மா. அதுங்ககிட்ட கஞ்சத்தனமே கிடையாது.”

இப்போது அதை ஜீன் என்கிறார்கள், பெரிய பெரிய புத்தகம் போடுகிறார்கள். எனக்கு எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் குடியிருந்தேன். மாமிக்கு அந்தக் கிருமிகளைப் போல விசுவாசமான சிஷ்யர்கள் எங்கள் குடித்தனங்களில் யாரும் கிடையாது. அவள் கொடுத்த கால் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு, அவளைப் போலவே எல்லோருக்கும் பங்கு போட்டு வாழ்ந்திருக்கின்றன.

எங்கள் படுக்கையிலிருந்து பக்கத்துப் படுக்கைக்கு எப்படிப் போயிற்று என்று நான் கேட்டேன். டாக்டர் நல்ல மனுஷர். நர்ஸ் கையாக இருக்கலாம், என் கையாகவே இருக்கலாம் என்றார். மாமி, கல்கண்டு முடிந்திருந்த தன் மடியையும், பிறகு வலது கையையும் பார்த்தாள். அன்று மிச்ச நேரம் பூராவும் அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் சுற்றியே வைத்திருந்தாள்.

பென்சிலினுக்குத் தங்கை முறையில் ஒரு புது மருந்து வந்திருக்கிறது, இந்தக் கிருமி அதற்கு மட்டும் பயப்படும் என்று சின்ன டாக்டர் சொல்லியிருந்தார். கப்பலில் வருகிற சரக்கு, திருச்சியில் கிடையாது. மாமியின் வீட்டுக்காரர் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினார். போட்டிக் கம்பெனி வாசலில் போய் நின்று, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் மாத்திரையைப் புகழாமல் அடுத்தவன் மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். ஒரே ஒரு பெட்டி. ஒரு குழந்தைக்குத்தான் காணும். அடுத்தது எப்போது வரும் என்று அந்தக் கம்பெனிக்காரனுக்கே தெரியாதாம்.

வார்டு வராந்தாவில் ஜன்னல் கட்டையில் அந்தப் பெட்டியைப் பிரித்தார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள். டாக்டர் வருவதற்குள் மாமியின் கை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று புட்டிகளை இரண்டு கூறாகப் பிரித்து வைத்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. பங்கு போட ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதே.

டாக்டர் வந்து இரண்டு கூறையும் ஒன்றாகச் சேர்த்தார்.

“இதைப் பங்கு போட்டா ரெண்டு பேருக்கும் இல்லீங்கம்மா. கிருமிக்குத்தான் பங்கு.”

பிறகு தணிந்த குரலில் விளக்கினார். பத்மாவுக்கு ஆபரேஷன் செய்து கெட்டுப்போன எலும்பை எடுக்கலாம். இந்த மருந்தும் இருந்தால் கால் தப்பிக்கும். இல்லாவிட்டால் பெரும்பாலும் உயிர் பிழைப்பாள், கால் குட்டையாகிவிடும். தங்கராசுக்குக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, அறுத்து எடுக்க இடமில்லை. அவனுக்கு இது இல்லாவிட்டால் உயிர் இல்லை. மருந்து உங்களுடையது, நீங்கள் சொல்லுங்கள் என்று மாமியைப் பார்த்தார். வாசலில் அந்தப் பையனின் அப்பா துண்டோடு நின்றுகொண்டிருந்தார். இப்படி ஒரு மருந்து வந்திருப்பதே அவருக்குத் தெரியாது.

எனக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. எவன் பிள்ளையோ எவனோ, எனக்கு என் பெண்ணின் கால் வேண்டும். அவள் ஓடுவது என் கண்ணுக்குள் நின்றது. ஒரு பெண் குழந்தை காலை இழுத்துக்கொண்டு எங்கள் தெருவில் எப்படி வளரும் என்பதும் எனக்குத் தெரியும்.

“பத்மாவுக்குன்னுதானே மாமா வாங்கிண்டு வந்தார்” என்றேன்.

“ஆமாண்டி, அவளுக்குன்னுதான்.” மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. “பத்மா நான் குடுத்த மாத்திரையெல்லாம் தின்னா. அந்தப் பிள்ளை ஒண்ணு கூட தின்னதில்லைடி. நான் அவனுக்குக் குடுத்தது வியாதி மட்டும்தான்.”

புட்டிகளைப் பெட்டியோடு டாக்டர் பக்கம் நகர்த்தினாள். “பூராவையும் அவனுக்கே போட்டுடுங்கோ. ஒரு சொட்டு மிச்சம் வெக்காதீங்கோ.”

வாழ்நாள் முழுக்க ஜாங்கிரியைக் கூட முழுசாக ஒருவருக்குக் கொடுக்காதவள், முழுசாகக் கொடுக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். பாடம் படிக்க என் பெண்ணின் கால்தானா கிடைத்தது? மாமியை அங்கேயே அறைந்திருப்பேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். அவரையும் அறைந்திருப்பேன்.

தங்கராசு பிழைத்தான். பத்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது, அவளும் பிழைத்தாள். இரண்டாவது பெட்டி வந்து சேர்ந்தபோது போக வேண்டிய எலும்பு போய்விட்டிருந்தது. டாக்டர் சொன்னபடியே ஒரு கால் குட்டை. முற்றத்தைத் தாண்ட அவளுக்கு நேரம் பிடிக்கும். அவள் நடந்து வருவது சமையலறையில் இருக்கிற எனக்குச் சத்தத்திலேயே தெரியும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மாமியை மனசுக்குள் வைவேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மாமி அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுபோய்ச் சின்ன டாக்டரிடம் கொட்டிவிட்டு வந்தாள். வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, கடுகும் வெந்தயமும் போட்டாள். அதோடு விட்டாளா? இப்போது எந்தக் குழந்தைக்கு ஜுரம் வந்து டாக்டர் எழுதிக் கொடுத்தாலும், கடைசி மாத்திரை தொண்டையில் இறங்கும் வரை எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஜுரம் விட்டுவிட்டதே மாமி என்று கெஞ்சுகிற அம்மாக்களிடம், மிச்சம் வைத்தால் கையை முறிப்பேன் என்றாள். முன்னே பிடுங்கிக்கொண்டு போனவளும் இவள்தான், இப்போது திணிக்கிறவளும் இவள்தான். எங்களுக்கு விமோசனம் என்பதே கிடையாது.

மற்றதெல்லாம் பழையபடி. பத்திரிகையின் சினிமாத் தாள் எங்களுக்கே வந்தது. பிரசாதம் வந்தது. மாமி பத்மா கையில் கொடுத்து அனுப்புவாள், நான் வாங்கி வைப்பேன், வாயில் போட மாட்டேன். பேச்சு கிடையாது. ஒரே கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஒருத்தியோடு பேசாமல் இருப்பது சுலபமான வேலை இல்லை, நான் செய்து காட்டினேன்.

மறு வருஷம் தங்கராசுவின் அப்பா வந்தார். தோளில் துண்டுக்குப் பதில் ஒரு பெரிய வாழைத்தார். முற்றத்தில் இறக்கிவைத்துவிட்டு, “எங்க கொல்லையில முதல் வெட்டு, அம்மாவுக்குத்தாங்க” என்று மாமியைக் கும்பிட்டார். பின்னால் தங்கராசு. இரண்டு காலையும் நேராக ஊன்றி நின்றான். எங்கள் பத்மா அவன் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பிறகு கல்லாங்காய் ஆட வருகிறாயா என்று அவனைக் கேட்டாள். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். நான் உள்ளே போய்விட்டேன்.

அவர்கள் போன பிறகு மாமி தாரைப் பிரித்தாள். அவள் பங்கு போட்டால் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் குழந்தைக்குக் கூடத் தெரியும். சரிசமமாக வராவிட்டால் கடைசிப் பழத்தைக் கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கியாவது சமமாக்குவாளே தவிர, ஒரு வீட்டுக்கு ஒன்று கூடுதலாகப் போகவிட மாட்டாள். அவளுடைய சொந்தத் தங்கை அந்த வீட்டில் குடியிருந்த காலத்தில் கூட அப்படி நடந்ததில்லை.

பத்மா சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தனியாக ஒரு பழம் இன்னொரு கையில்.

“அம்மா, நமக்கு ஒண்ணு கூட வந்திருக்கு.”

தப்பாக வந்திருக்கும், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வா என்றேன். யாருடைய பங்கும் எனக்கு வேண்டாம், அதுவும் அந்தத் தாரிலிருந்து வேண்டவே வேண்டாம். பத்மா முற்றத்தைத் தாண்டிப் போகிற சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்துத் திரும்பி வருகிற சத்தம் கேட்டது. பழம் அவள் கையிலேயே இருந்தது.

“தப்பு இல்லையாம். இனிமே எனக்கு எப்பவும் ஒண்ணு கூடத்தானாம். மாமி அழறா.”

ஒரு காலுக்கு ஒரு வாழைப்பழம். ரொம்ப நல்ல நியாயம். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேறு ஏதோ சத்தம் வந்தது, நானும் அழுதுகொண்டிருந்தேன். பத்மா எங்கள் இருவரையும் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பழத்தை உரித்து, எனக்கு ஒரு வில்லை கூடக் கிள்ளிக் கொடுக்காமல், முழுசையும் தானே தின்றாள்.